அடுத்த வீட்டுக்கான கனவுகள்

எங்கள் லயத்தில் அந்த அக்காவின் கனவுக்குள் போய் வராத ஆளே கிடையாது. மேஸ்திரி போயிருக்கிறார், மேஸ்திரியின் மாமியார் போயிருக்கிறார், செத்துப்போனவர்கள் வரிசையில் நின்று போயிருக்கிறார்கள். என்னையும் விட்டுவைக்கவில்லை. கல்யாணமாகி மலையேறி வந்த முதல் மழைக்காலத்திலேயே என்னைத் தன் கனவுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். தகரக் கூரை. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்குபோட்டுக்கொள்ளும். இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். நான் போடிக்காரி. எங்கள் ஊரில் மழை என்றால் வாசலில் நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிற சமாசாரம். இங்கே ஆனியில் வந்து உட்கார்ந்தால் ஆவணி வரைக்கும் எழுந்திருக்காது. அந்த முதல் வருஷம் எனக்கு விடிகிறதா இருட்டுகிறதா என்றே பிடிபடவில்லை. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து சமையல் பாத்திரங்களுக்கு நடுவில் நிற்கும். அரிசி களைகிற என் கையே எனக்கு யாரோ ஒருத்தியின் கை மாதிரி தெரியும். பாதித் தூக்கத்தில் நடமாடிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு காலையில் குழாயடியில் நின்றபோது, பனிக்குள்ளிருந்து அக்காவின் குரல் மட்டும் முதலில் வந்தது.

"ஏ புள்ள, நேத்து உன்னையத்தான் கனாவுல கண்டேன். கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுதே. நல்ல மழை."

எனக்கு ஓட்டமும் காதில் விழவில்லை, மழையும் காதில் விழவில்லை.

"கைப்பிள்ளையா? ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையாக்கா?"

"துணில சுத்தியிருந்துச்சு, தெரியல. நீ எந்தப் பக்கமா ஓடுனேங்கறதுதான் மறந்துபோச்சு. உன் வீட்டுக்கு அந்தப் பக்கம் ஓடை. அப்ப எந்தப் பக்கம் போயிருப்பே?"

நான் யோசித்தேன். "மேல... பள்ளிக்கூடத்துப் பக்கமா?"

"அதான், அப்படித்தான் இருக்கும். கால்ல என்ன போட்டிருந்தே?"

குனிந்து பார்த்தேன். தேய்ந்துபோன ஹவாய் செருப்பு.

"இது வழுக்குமே. ஆனா கனாவுல நீ வழுக்கி விழலையே" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு, குடத்தை இடுப்பில் ஏற்றி, வந்த பனிக்குள்ளேயே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரிடம் மண்ணில் பிடிக்கிற மாதிரி ரப்பர் ஷூ ஒன்று வாங்கிவரச் சொன்னேன். பிள்ளைக்கும் வேண்டிக்கொண்டேன். அக்கா எனக்குச் செய்தது என்ன என்பது புரிய இன்னொரு மழைக்காலம் ஆயிற்று.

அவள் கொழுந்து கிள்ளுகிறவள். ஐம்பதைத் தாண்டியிருப்பாள். புருஷன் இல்லை. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். உங்கள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு, கனவு இன்னும் முடியாதது போல நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். கேட்கிறவர்களுக்கும் லேசாகக் கண் சொருகும். எனக்கு அந்தக் குரல் பிடிக்கும். மழைச் சத்தத்தோடு சேர்த்துக் கேட்டால் இன்னும் பிடிக்கும்.

வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற முற்றத்தில், பஞ்சாயத்திலிருந்து வந்து கூட்டம் போடுவார்கள். மலையாளத்தில் பேசுவார்கள், எங்களுக்குப் புரியும். உருள் பொட்டி மலை சரிந்தால் எங்கே போகணும், என்னென்ன கையில் எடுக்கணும், எல்லாம் நன்றாகத்தான் சொல்வார்கள். நாங்களும் தலையாட்டுவோம். கட்டஞ்சாயா குடிப்போம், பிஸ்கட் தின்போம். கொடுத்த நோட்டீசில் பிள்ளைகளுக்கு முறுக்கு வைத்துக் கொடுப்போம். சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது ஏதோ ஒரு மலை, ஏதோ ஒரு வீடு. நம் வீட்டுப் பேர் அதில் வரவில்லையே.

அக்கா அந்தப் பேரைத்தான் உள்ளே கொண்டுவந்தாள். கூட்டம் முடிந்த மறுநாள் ஆரம்பித்துவிடுவாள். ஆதார் கார்டையும் ரேஷன் கார்டையும் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு, அதற்கு மேல் கல்யாணச் சேலையை அடுக்கி வைத்திருப்பவளிடம், "உன் மக கல்யாணம் மாதிரி கனா. பந்தியெல்லாம் ரெடி. நீ மட்டும் பெட்டிய அணைச்சுக்கிட்டு அழுதே. தொறந்தா உள்ள பூராம் தண்ணி" என்பாள். இரண்டு நாளில் அந்த வீட்டுக் கதவோரம் ஆணியில் பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கும். மேஸ்திரியிடம், "பள்ளிக்கூடத்துக்குப் போற ஒத்தையடிப் பாதையில ஏறுதேன், உண்ணிச்செடி சேலையப் பிடிச்சு இழுக்கு. பின்னால உங்க மாமியா, அவுகளுக்குப் பின்னால எல்லாரும். யாராலயும் நகர முடியல" என்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் அரிவாளோடு போய்ப் பாதையை வெட்டித் துப்புரவாக்கினார்கள். அவரவர் மாமியாருக்காகச் செய்ததாகத்தான் அவரவர் நினைப்பு.

கெட்ட கனவு கண்டால் ஓடுகிற தண்ணீரில் சொல்லிவிட வேண்டும், அது அடித்துக்கொண்டு போய்விடும் என்று என் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். லயத்திலும் அதுதான் வழக்கம். அக்காவிடம் ஒருமுறை கேட்டேன், "இதையெல்லாம் ஓடைகிட்டச் சொல்லக் கூடாதாக்கா?"

"தண்ணிகிட்டச் சொன்னா தண்ணிக்குத்தான் தெரியும்" என்றாள்.

அவள் ஜம்பம் பலிக்காத ஒரே ஆள் என் மாமனார்.

எங்கள் வீடு லயத்தின் கடைசி வீடு, ஓடைக்குப் பக்கத்தில். மலை இறங்கி வந்தால் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாமா அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்துக் கூடை சுமந்து, ரிட்டயர் ஆனவர். எஸ்டேட்டில் வேலை இருக்கும் வரைதான் கம்பெனி வீடு. அவர் ஓய்வு பெற்றதும் வீடு என் வீட்டுக்காரர் பேருக்கு மாறிவிட்டது. ஆனால் மாமாவின் மனசில் மாறவில்லை. ஆள் இல்லாத வீட்டைக் கம்பெனி பூட்டிவிடும் என்று அவருக்கு ஒரு பயம். எந்தக் காலத்திலோ, ஊர்க் கோயில் கொடைக்குப் போய்த் திரும்பிய ஒரு குடும்பம் கதவில் வேறு பூட்டைப் பார்த்த கதை அவரிடம் இருந்தது. அதனால் அவர் ஊருக்குப் போக மாட்டார், கல்யாணத்துக்குப் போக மாட்டார். ரெட் அலர்ட் கொடுத்தாலும் கேம்புக்குப் போக மாட்டார். "வீட்டை விட்டு எறங்குனா நம்ம வீடு இல்ல" என்பார். லயத்தில் பாதிப் பேருக்கு உள்ளுக்குள் இதே பயம்தான். வாய் விட்டுச் சொன்னவர் இவர்.

எனக்கு மகள் பிறந்த பிறகு இது வெறும் பிடிவாதமாக எனக்குத் தெரியவில்லை. அவர் இறங்காமல் நான் எப்படி இறங்குவது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமனாரை விட்டுவிட்டு ஓடினாள் என்ற பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் கையால் ஆட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்துத்தான் என் மகள் வளர்ந்தாள். அவரை விட்டுவிட்டு என் கால் நகராது.

இதை நான் அக்காவிடம் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டு, மழை தொடங்கிவிட்டால் தினம் எங்கள் வாசலுக்கு வருவாள். மாமா கயிற்றுக் கட்டிலில் ஆட்டுக்குட்டியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

"என்ன தாயி, இன்னைக்கு எந்தப் படம்?"

"அண்ணாச்சி, மதினி வந்தாக." செத்துப்போன என் மாமியாரைச் சொல்கிறாள்.

"என்ன சேலை கட்டியிருந்தா?"

"பச்சை."

"பச்சை அவளுக்கு ஆகாதே. நீ வேற யாரையோ பாத்திருக்கே."

மறுநாள் வேறு. "உங்க குட்டி எங்கிட்டப் பேசுச்சு அண்ணாச்சி. தாத்தாவக் கூட்டிக்கிட்டு மேல போன்னு சொல்லுச்சு."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே. ராப்பூராம் எங்கூடத்தான் படுத்திருந்துச்சு."

அக்கா சிரிக்க மாட்டாள். தோளுக்குப் பின்னால் ஓடையைப் பார்த்துக்கொண்டே எழுந்து போவாள். ஒருநாள் அவள் வரத் தாமதமானால் மாமா என்னிடம், "கனாக்காரியக் காணோமே" என்று கேட்பார். அவருக்கு அது இல்லாமல் பொழுது போகாது.

எல்லாம் இப்படியே போயிருக்கலாம். ஒரு மழைக்காலத்தில் அக்கா லயம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே கனவைக் கண்டாள். மாரியம்மன் கோயில் மணி ஆள் இல்லாமல் தானே அடித்ததாம். போனில் ரெட் அலர்ட் வேறு. சனங்கள் பயந்துபோய்ப் பாய் தலையணையோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். மாமா மட்டும் வரவில்லை. அவருக்குத் துணையாக என் வீட்டுக்காரர் தங்கினார். நான் பள்ளிக்கூட பெஞ்சில் பிள்ளையோடு படுத்து, கீழே விட்டுவந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டே கிடந்தேன். எதுவும் நடக்கவில்லை. மழை கொஞ்சம் பெய்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது கோழிகளைக் கீரி கொண்டுபோயிருந்தது. விறகு நனைந்து கிடந்தது. வேலை நாளும் போயிற்று. குழாயடியில் ஒருத்தி அக்காவை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டாள்.

"எங்கப்பாவக் கனாவுல கண்டேன்னு போன வருசம் சொன்னியே, அதும் இப்படித்தானா? செத்தவுகளை வச்சாக்கா பொய் சொல்லுவே?"

அக்கா குடத்தை நிரம்பாமலே எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"எனக்கேது புள்ள கனா" என்றாள், நான் எதுவும் கேட்காமலே. "கனா வரணும்னா தூங்கணும்லா. மழை ஆரம்பிச்சா எனக்குத் தூக்கமே கெடையாது. சத்தத்தக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். யாராவது ஒருத்தர் முழிச்சுக் கெடக்கணும்லா. முழிச்சுக் கெடக்கும்போது ஒவ்வொரு வீடா நெனைப்பேன். இவன் என்ன செய்வான், இவ எதை எடுப்பா, உன் மாமனாரு எப்படி நடப்பாருன்னு. அதைக் காலையில வந்து சும்மா சொன்னா எவன் கேப்பான்?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் தூங்கிய தூக்கத்தை எல்லாம் அவள் விழித்துக் காத்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கனவு சொல்லவில்லை. எங்கள் வாசலுக்கும் வரவில்லை. மாமா கட்டிலில் உட்கார்ந்து பாதையைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார்.

அடுத்த வருஷம் அந்த நாள் வந்தது. மத்தியானம்தான். ஆனால் விளக்குப் போடாமல் முகம் தெரியாத மத்தியானம். நாலைந்து நாளாக விடாத மழை. என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இருந்தார். ரிசார்ட்டில் துணி மடிக்கிற என் வேலைக்கு, பஸ் ஓடாததால், நான் போகவில்லை. மகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. கூரையில் மழைச் சத்தம் அப்படியே இருக்கிறது, ஆனாலும் காதுக்குள் ஒரு வெறுமை. என்ன என்று யோசிக்கிறேன், பிடிபடவில்லை. மறுபடியும் அந்தப் பாதித் தூக்கத்துக்குள் போய்விட்டேன் என்று நினைத்தேன்.

வெளியே அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"ஓடை நின்னுபோச்சு! இவ்வளவு மழையில ஓடை நின்னுபோச்சு. மேல எங்கயோ மண்ணு விழுந்து தண்ணிய மறிச்சிருக்கு. கனா இல்ல, நான் கண்ணால பாத்தேன். எந்திரிச்சு வாங்க!"

கதவுகள் திறந்தன. தலைகள் எட்டிப் பார்த்தன. "போன தடவையும் இப்படித்தான்" என்று ஒரு குரல் கேட்டது. இன்னொரு கதவு சாத்திக்கொண்டது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் இறங்குகிற ஆள் மறுபடியும் கேலிக்கு ஆளாக வேண்டுமே.

எங்கள் வாசலுக்கு வந்தபோது அவள் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டேன். மாமா கட்டிலை விட்டு அசையவில்லை. அவரைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் என் கால் நின்றது.

"மாமா, வாங்க மாமா" என்றேன்.

"நீ பிள்ளையக் கொண்டு போம்மா. நான் இருக்கேன். ஆள் இருந்தா எவனும் பூட்ட மாட்டான்."

"அண்ணாச்சி, எந்திரிங்க!" என்று அக்கா கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

மாமாவுக்கு எவ்வளவோ நாள் கழித்து அவள் வாசலுக்கு வந்த சந்தோஷம். "இப்படிக் கத்துனா நான் வருவேனா?" என்றார். "ஒரு கனா சொல்லு தாயி. நல்ல கனாவாச் சொல்லு, வாரேன்."

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். வருஷக்கணக்காக ஊருக்கே கனவு புனைந்து கொடுத்தவள், எங்கள் வாசலில் நின்று தேடினாள். முதல் தடவையாக அவரை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணுமே வரமாட்டேங்குதே அண்ணாச்சி" என்றாள். "ஒண்ணுமே தோணல எனக்கு."

மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டில் காலில் கட்டியிருந்த ஆட்டுக் கயிற்றை அவிழ்த்தார். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து, படியிறங்கினார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் வீட்டை விட்டு இறங்காத மனுஷன் மழையில் ஆட்டோடு நடந்து வருவதை லயம் பார்த்தது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. வெட்டித் துப்புரவாக்கிய பாதையில் வரிசையாக ஏறினோம். மேகம் இறங்கி முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பின்னால் அக்காவின் குரல், ஒவ்வொரு வீட்டுப் பேராகச் சொல்லி, ஆள் பதில் கொடுக்கும் வரை கூப்பிட்டுக்கொண்டே வந்தது. எனக்குப் பயமே இல்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் ஏறிய பிறகு முதலில் ஒரு வாசனை வந்தது. புதிதாகத் தோண்டிய கிணற்று மண்ணின் வாசனை. அப்புறம்தான் சத்தம். எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மேகம் விலகியபோது லயத்தின் எங்கள் பக்கத்துப் பாதி அங்கே இல்லை. சிவப்பாக, வழுவழுவென்று மண் மட்டும் இருந்தது. ஒரு ஆள் குறையவில்லை. ஃபேக்டரியிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் எங்களை ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மாமா அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "இனி எவன் பூட்டுவான்" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அக்காவைத் தேடினேன். வகுப்பறையில், அழுகைக்கும் கூச்சலுக்கும் நடுவில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். ஈரச் சேலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் தூங்கி அன்றுதான் பார்த்தேன். குழாயடியில் அவளை நிறுத்திக் கேட்டவள்தான் தன் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள்.

மகன் வந்து அவளைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். எங்களுக்கு எஸ்டேட்டின் வேறு டிவிஷனில் வீடு கொடுத்தார்கள். ஓடை இல்லாத இடம். எப்போதாவது போன் பேசுவாள். பேரன் படிப்பு, தண்ணீர் லாரி, கொசு என்று எதையாவது சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டாள்.

"இங்க மழையே இல்ல புள்ள. படுத்தவுடனே தூங்கிப்போறேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "அப்பக் கனாவும் வருமே?" என்று கேலி செய்தேன்.

"வருது."

"நாங்க எந்தப் பக்கமா ஓடுதோம்?"

"யாரும் ஓடல. எல்லாரும் வீட்டுக்குள்ளயே இருக்கீக. வெளக்கு எரியுது. உள்ள பேச்சுக் குரல் கேக்கு, உன் மக சிரிக்கது கேக்கு. நான் ஒவ்வொரு கதவாத் தட்டுதேன். யாரும் தெறக்கல. கடைசியா உங்க வீடு. தட்டிக்கிட்டே நிக்கேன், முழிப்பு வந்துருது. தெனமும் வருது புள்ள. இப்பத் தூங்கவே பயமாருக்கு."

நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்று சொன்னேன். அது அவளுக்கும் தெரியும், கனவுக்குத்தான் தெரியாது. பக்கத்தில் கட்டிலில் இருந்த மாமா கையை நீட்டினார். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஏதாவது கிண்டல் செய்யப் போகிறார் என்று பயந்துகொண்டே போனைக் கொடுத்தேன்.

"தாயி, நாந்தான்" என்றார். "நல்லாக் கேளு. நான் வெளிய வந்துட்டேன். குட்டியையும் கொண்டாந்துட்டேன். மருமக, பேத்தி எல்லாரும் எங்கூட நிக்காக. உள்ள ஒருத்தரும் இல்ல. நீ கதவத் தட்டாத. போய்ப் படு."

அவள் வைக்கும்வரை மாமா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், கேட்காமலே, அவளுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். அதையே மறுபடியும், ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார்.